பதினெட்டா இருபத்துநாலா

முத்துமீனா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, சேலையைக் கொஞ்சம் விலக்கி, தொப்புளுக்கு இடப்பக்கம் நாலு விரல் தள்ளித் தொட்டுக் காட்டினாள். “இன்னைக்கு இங்கிட்டுப் போடு செல்வி. நேத்துப் போட்ட இடம் கன்னிப்போய்க் கெடக்கு.”

தமிழ்ச்செல்வி ஸ்பிரிட் பஞ்சால் அந்த இடத்தைத் துடைத்து ஆறவிட்டாள். ஊசி பார்ப்பதற்குத் தடித்த பேனா மாதிரி இருக்கும். பின்பக்கக் குமிழை ஒருமுறை இழுத்தால் அன்றைக்கான மருந்து, இருபது மைக்ரோகிராம், தானாக அளந்து நிற்கும். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. மயிரிழை போன்ற முனையைத் தோலுக்குள் விட்டுக் குமிழை அழுத்தி, மனதுக்குள் ஐந்து எண்ணி வெளியே எடுக்க வேண்டும். ஒன்றரை வருடமாகக் காலை ஏழு மணிக்கு இதைத்தான் செய்கிறாள். இருந்தும் முனை தோலைத் தொடுகிற நேரத்தில் செல்விதான் பல்லைக் கடித்துக்கொள்வாள். முத்துமீனாவுக்கு அது தெரியும். சரியாக அந்த நேரம் பார்த்து எதையாவது பேசுவாள்.

“எதுத்த வீட்டுக்கு மருமக வந்துட்டா போல. வாசல்ல கோலம் நேரா இருக்கு.”

அதைக் கேட்டுச் செல்வி சிரித்து முடிப்பதற்குள் ஊசி வெளியே வந்துவிட்டது. சில நாட்களில் போட்டதும் தலை கிறுகிறுக்கும் என்பதால் பத்து நிமிடம் எழுந்திருக்கக் கூடாது. அந்தப் பத்து நிமிடம் செல்வியும் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துகொள்வாள். திருமங்கலம் தாலுகா ஆபீஸுக்கு எதிர்ச்சந்தில் அவளுக்கு ஒரு டிடிபி கடை இருக்கிறது. பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், வாரிசுச் சான்று என்று ஊர்ச்சனம் சொல்லச் சொல்ல மனு அடித்துக் கொடுப்பாள். ஒன்பதரைக்குத் திறந்தால் போதும். இன்றைக்குக் கடை லீவு. ஒன்றரை வருட ஊசிக்குப் பிறகு எடுத்த எலும்பு ஸ்கேனை மதுரையில் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஊசியை இத்தோடு நிறுத்துவதா, இன்னும் ஆறு மாதம் போடுவதா என்று அவர் இன்று சொல்வார்.

முத்துமீனா செல்விக்கு அண்ணன் மனைவி. எழுமலையிலிருந்து இருபது வயதில் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது செல்விக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்துக்கு அவசரமாகப் போகிற பிள்ளையை வாசலில் மறித்து உட்கார வைத்து, சிக்கெடுத்து, இரட்டைச் சடை போட்டு அனுப்பியவள் மதினிதான். பிறகு செல்வியைப் பேரையூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். இரண்டே வருடத்தில் ஒரு சூட்கேஸோடு திரும்பி வந்தாள். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். மதினி இறங்கி வந்து கையிலிருந்த சூட்கேஸை வாங்கிக்கொண்டு, “கை கால் கழுவிட்டு வா, சோறு சூடா இருக்கு” என்றாள். ஏன் வந்தாய் என்று அன்றைக்கும் கேட்கவில்லை, இந்த இருபத்தைந்து வருடத்தில் ஒருநாளும் கேட்கவில்லை. செல்வியாகவே ஒருநாள் சொன்னாள். பாதியிலேயே மதினி அழுதுவிட்டதால் மீதியைச் சொல்லவில்லை.

அண்ணன் இறந்து ஆறு வருடமாகிறது. ஒரே மகன் சூரியபிரகாஷ் கோயம்புத்தூரில் மோட்டார் கம்பெனியில் சூப்பர்வைசர். மனைவி திவ்யாவுக்கும் அங்கேயே வேலை. திருமங்கலம் வீட்டில் மதினியும் நாத்தனாருமாக இருவர்தான். கறிவேப்பிலைச் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றவில்லை என்பதைத் தவிர அவர்களுக்குள் பெரிய சண்டை வந்ததில்லை.

ஊசி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒருநாள் நனைந்த போர்வையைப் பிழியும்போது முத்துமீனாவின் முதுகில் சடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பிடிப்பு என்று நினைத்து ஒரு வாரம் தைலம் தேய்த்தார்கள். சுளுக்கு வழிப்பவரைக் கூப்பிடலாமா என்று பக்கத்து வீட்டில் கேட்டதற்குச் செல்விதான் வேண்டாம் என்றாள். அது நல்லதாகப் போயிற்று. எக்ஸ்ரேயில் முதுகெலும்புக் கட்டை ஒன்று நசுங்கி இருந்தது. அதற்கு மேலே இன்னொன்று, எப்போது நசுங்கியது என்றே தெரியாமல் பழசாகிக் கிடந்தது. டாக்டர் நாகஜோதி படத்தைப் பார்த்துக்கொண்டே, “கர்ப்பப்பை எடுத்தாச்சா?” என்று கேட்டார். முப்பத்துநாலு வயதில் எடுத்தது. “சினைப்பையையும் சேர்த்தா?” அது மதினிக்குத் தெரியவில்லை. எடுத்தவர்கள் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. பழைய காகிதத்தைத் தேடி எடுத்துப் பார்த்தபோது எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து இருபத்தைந்து வருடமாக எலும்பு உள்ளுக்குள் கரைந்திருக்கிறது. சேலை தரையில் இழுபடுகிறதே, இந்தக் கடைக்காரன் அகலம் கூட வைத்துவிட்டானே என்று மதினி இரண்டு வருடமாகக் குறைபட்டுக்கொண்டிருந்தது செல்விக்கு அப்போதுதான் உறைத்தது. சேலை வளரவில்லை. மதினி ஒன்றரை அங்குலம் குறைந்திருந்தாள்.

எலும்பு கரைவதை நிறுத்துகிற மருந்து ஒரு வகை, புதிதாக எலும்பைக் கட்டுகிற மருந்து ஒரு வகை, இவருக்கு முதலில் கட்டத்தான் வேண்டும் என்றார் டாக்டர். தினமும் ஓர் ஊசி, பதினெட்டிலிருந்து இருபத்துநாலு மாதம். விஷயம் கேள்விப்பட்டுச் சூரியபிரகாஷ் ஓடி வந்தான். “அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன் அத்தை. அங்க பக்கத்துலயே ஒரு நர்ஸ் இருக்காங்க. நீங்க கடையப் பாப்பீங்களா, ஊசியப் பாப்பீங்களா?” அவன் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் தனியாகச் சாப்பிட உட்காருகிற ஒரு காட்சி கண்ணுக்குள் வந்ததும் செல்வியின் வாய் முந்திக்கொண்டது. “நான் போடுறேன் பிரகாஷு. ஒரு நாள் தவறாது. எங்கயாச்சும் தவறுச்சுன்னா அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போ.”

போன சித்திரையில் தவறியது.

அன்றைக்குப் பகல் முழுக்க வீட்டுத் தெருவில் கரண்ட் இல்லை. மறுநாள் தொடங்க வேண்டிய புதுப் பேனாவைப் பிரிட்ஜில் வைத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மத்தியானம் சாப்பிட வந்தபோது உள்ளே வெதுவெதுப்பாகிவிட்டதைப் பார்த்துச் செல்வி பதறி, பேனாவை எடுத்து மேலே ஐஸ் தட்டுக்கு அடியில் சொருகினாள். ஆறு மணிக்குக் கரண்ட் வந்தது. கடையில் அன்று மனு கூட்டம். களைத்து வந்தவள் அதை மறந்தே போனாள். காலையில் எடுத்தபோது கண்ணாடிக் குழாய்க்குள் மருந்து வெள்ளையாக இறுகி இருந்தது. உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் பழையபடி தெளிந்த தண்ணீராகிவிட்டது. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. போட்டுவிட்டாள். நாலைந்து நாள் கழித்து, மனதில் ஏதோ உறுத்த, பெட்டியிலிருந்த மடிப்புக் காகிதத்தை விரித்தாள். ஊரார் காகிதத்தையெல்லாம் வரி விடாமல் படிக்கிறவள் அதுவரை அதைப் படித்ததில்லை. பொடி எழுத்தில் இருந்தது: உறைந்துபோன மருந்தைப் பயன்படுத்தக் கூடாது, எறிந்துவிட வேண்டும்.

அந்த வாரம்தான் சூரியபிரகாஷ் போனில் மறுபடி கோயம்புத்தூர்ப் பேச்சை எடுத்திருந்தான். செல்வி காகிதத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளைக்கும் அப்படியே நினைத்தாள். அந்தப் பேனா தீர்கிறவரை இருபத்தெட்டு நாளும் அதையேதான் மதினியின் வயிற்றில் குத்தினாள். போடுவது மருந்தா வெறும் தண்ணீரா என்று தெரியாமல் ஐந்து எண்ணினாள். அதற்குப் பின் வந்த பேனாக்களைக் கண்ணுக்குள் வைத்துத்தான் பார்த்துக்கொண்டாள். இருந்தாலும் அந்த ஒரு மாதம் போகவில்லை. சாப்பிடும்போதும் மனு அடிக்கும்போதும் சட்டென்று வந்து நெஞ்சில் உட்காரும்.

மதுரை அண்ணாநகர் ஆஸ்பத்திரியில் பதினோரு மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் நாகஜோதிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பேசும்போது நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர். பழைய ஸ்கேனையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“முதுகெலும்பு அடர்த்தி மைனஸ் மூணு புள்ளி எட்டுல இருந்துச்சு. இப்ப மூணு புள்ளி மூணு. நல்லதுதான். ஆனா இன்னுங்கொஞ்சம் ஏறியிருக்கும்னு எதிர்பார்த்தேன். மைனஸ் ரெண்டரைக்குக் கீழ இருக்கிறவரைக்கும் அது எலும்புத் தேய்மானம்தான்.” எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தார். “நடுவுல ஊசி விட்டுப்போச்சாம்மா?”

“ஒரு நாள் விட்டதில்ல டாக்டர்” என்றாள் முத்துமீனா. சொல்லும்போது முதுகைக்கூட நிமிர்த்திக்கொண்டாள். “இவளுக்கு நூத்திமூணு காய்ச்சல். அன்னைக்கும் சுவத்தப் பிடிச்சுக்கிட்டு வந்து போட்டுட்டுப் போய்ப் படுத்தா.”

செல்வி மேஜைமேல் இருந்த பிளாஸ்டிக் முதுகெலும்புப் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப சரி. எல்லாருக்கும் ஒரே மாதிரி ஏறாது.” டாக்டர் தொடர்ந்தார். இரண்டு வழி இருக்கிறது. இத்தோடு ஊசியை நிறுத்திவிட்டு, கட்டின எலும்பு கரையாமல் இருக்க வருடத்துக்கு ஒருமுறை டிரிப்பில் ஏற்றுகிற மருந்துக்கு மாறலாம். அல்லது இன்னும் ஆறு மாதம் இதையே போட்டு, இருபத்துநாலு முடிந்ததும் அதற்கு மாறலாம். முத்துமீனாவுக்குக் காலில் நரம்பு இழுக்கிறது, வயிறெல்லாம் கன்னிப்போகிறது, ரத்தத்தில் கால்சியம் மேல்வரம்பை ஒட்டி நிற்கிறது. அதையும் பார்க்க வேண்டும். “என்னையக் கேட்டா ஆறு மாசம் போடலாம்பேன். ஆனா கட்டாயம்னு சொல்ல மாட்டேன். ரெண்டுமே தப்பில்ல.”

“ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டா என்ன டாக்டர்?” என்று கேட்டாள் முத்துமீனா. “காலு இழுக்கிறதும் கொறையும். ஆறு மாசத்த ஒரு வருஷமா ஓட்டலாமுல்ல.”

டாக்டர் சிரித்தார். “சீனியக் கொறைச்சுக் காப்பி போடுற மாதிரி இத நீட்ட முடியாதும்மா. இருபதுன்னா இருபது, தினமும். எலும்பத் தினமும் தட்டி எழுப்பணும், அப்பத்தான் வேல செய்யும். ஒன்றரை ரெண்டு வருஷம் தட்டுனதுக்கப்புறம் அதுக்குக் காது மந்தமாயிரும். அதனாலதான் ரெண்டு வருஷத்துக்கு மேல போடுறதில்ல.” கையிலிருக்கும் பேனாவில் இன்னும் எத்தனை நாள் மிச்சம் என்று கேட்டார். பதினோரு நாள் என்றாள் செல்வி. “அதுக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க.”

வெளியே வராண்டாவில் உட்கார்ந்ததும் சூரியபிரகாஷ் போன் செய்தான். முத்துமீனா ஸ்பீக்கரில் போட்டாள். அவளுக்குக் காதில் வைத்துப் பேசத் தெரியாது என்பதல்ல, செல்விக்கும் கேட்கட்டும் என்றுதான் எப்போதும் அப்படிச் செய்வாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நிறுத்திரும்மா” என்றான். “நெட்ல பாத்தேன். எலிக்குப் போட்டுப் பாத்தப்ப எலும்புல கேன்சர் வந்துச்சாம்.”

“அதயும் நான் ஆரம்பத்துலயே டாக்டர்ட்டக் கேட்டேன் பிரகாஷு” என்றாள் செல்வி. “ஆயுசு முழுக்க அளவுக்கு மீறிப் போட்ட எலிக்கு வந்துச்சாம். மனுசங்களுக்கு அப்பிடி வரக் காணோம்னாங்க.”

“இருக்கட்டும் அத்தை. வருஷத்துக்கு ஒரு டிரிப்புன்னா இங்கயே போட்டுக்கலாம்ல. தினமும் ஊசி போட ஒரு ஆளுன்னுதான் அம்மா அங்க இருந்துச்சு. இனிமே அந்தக் கஷ்டம் ஒங்களுக்கும் வேணாம். அம்மாவுக்கு ரூமே தயார் பண்ணிட்டா திவ்யா.”

முத்துமீனா போனைப் பைக்குள் போட்டாள். வராண்டாவில் ஒரு பெண் இடுப்பில் பெல்ட்டோடு மெதுவாக நடந்து போனாள். செல்வி தனக்குள் பார்த்தாள். இருபத்துநாலு என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. ஆனால் அது மதினியின் முதுகெலும்புக்காகத் துடிக்கிறதா, அல்லது இன்னும் ஆறு மாதம் அந்த வீட்டில் இரண்டு தட்டு இருக்கும் என்பதற்காகவா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. டாக்டர் கணக்கு வைத்த பதினெட்டு மாதத்தில் ஒரு மாதம் மருந்தே இல்லை. இல்லாத மாதத்தை இருப்பதாக வைத்துக்கொண்டுதான் அவரும் யோசிக்கிறார், மதினியும் யோசிக்கப்போகிறாள். சொன்னால் பிரகாஷ் விட மாட்டான். சொல்லாவிட்டால் தான் என்ன சொன்னாலும் அதில் விஷம் கலந்த மாதிரிதான்.

“மதினி, இன்னொரு தடவ உள்ள போகணும்” என்று எழுந்தாள்.

“என்னத்துக்கு? எல்லாந்தான் சொல்லிட்டாங்கல்ல.”

“நான் சொல்லல.”

டாக்டருக்கு முன்னால் நின்றுகொண்டே சொன்னாள். கரண்ட் போனது, ஐஸ் தட்டு, வெள்ளையாக இறுகியது, மடிப்புக் காகிதம், இருபத்தெட்டு நாள். ஊர்ச்சனத்துக்கு மனு அடிக்கிற மாதிரி வரிசையாகத்தான் சொன்னாள். கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். டாக்டர் இடைமறிக்கவில்லை. கேட்டு முடித்ததும் சீட்டில் ஏதோ எழுதினார்.

“உறைஞ்சா அந்த மருந்து போச்சுன்னுதான் வச்சுக்கணும். உடம்புக்குக் கெடுதல் ஒண்ணும் பண்ணிருக்காது. பலனும் இருந்திருக்காது. நம்பர் கம்மியா ஏறுனதுக்கு அந்த ஒரு மாசம்தான் காரணம்னும் நான் சொல்ல மாட்டேன். ஆனா அன்னைக்கே ஒரு போன் பண்ணிருக்கணும். இதவிடப் பெரிய தப்பெல்லாம் எங்கிட்ட வந்து சொல்லிருக்காங்க.”

முத்துமீனா அதுவரை செல்வியைப் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அந்த மாசத்தக் கடைசில சேத்துக்கலாமா டாக்டர்? இருபத்தஞ்சாவது மாசமா?”

“இல்லம்மா. போட்டதெல்லாம் போட்டதுதான். ஆரம்பிச்ச நாள்ல இருந்து இருபத்துநாலு. அதுக்கு மேல ஒரு நாள் தர மாட்டேன்.”

பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருமங்கலம் வரை முத்துமீனா ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். கப்பலூர் தாண்டும்போது செல்வி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முத்துமீனா வழக்கம்போலக் கட்டிலில் சாய்ந்து சேலையை விலக்கினாள். இடத்தைத் தொட்டுக் காட்டினாள். செல்வி துடைத்தாள். முனை தோலைத் தொட்டபோது அறை முழுக்க மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் இருந்தது. எடுத்தபோது ஒரு பொட்டு ரத்தம் வந்தது. இத்தனை மாதத்தில் அப்படி வந்ததில்லை. இரண்டாம் நாளும் பேச்சில்லை. மூன்றாம் நாள் பத்து நிமிடம்கூட உட்காராமல் செல்வி கடைக்குக் கிளம்பிப் போனாள். அன்று ஒரு கிழவருக்கு அடித்த பென்ஷன் மனுவில் அவர் பெயர் போட வேண்டிய இடத்தில் செத்துப்போன அவர் மனைவி பெயரைப் போட்டுவிட்டாள். அவர் படிக்கத் தெரியாமல் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டபோது கவனித்து, பிடுங்கி மறுபடி அடித்துக் கொடுத்தாள்.

நாலாம் நாள் ஊசி போட்டு முடிந்ததும் முத்துமீனா, “உக்காரு” என்றாள்.

செல்வி கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

“எங்கிட்டச் சொல்லிட்டு அப்புறம் டாக்டர்ட்டச் சொல்லிருக்கலாம்ல. ஊரான் முன்னாடி நின்னு கேட்டுத்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?”

“ஒங்ககிட்டத் தனியாச் சொல்லத் தைரியம் வரல மதினி.”

“எதுக்குப் பயம்? அடிச்சுருவேனா?”

“பிரகாஷு கூட்டிட்டுப் போயிருவான்னு.” சொல்லிவிட்டுச் செல்வி தரையைப் பார்த்தாள். ஐம்பத்தொரு வயதில் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

முத்துமீனா சேலையை இழுத்து விட்டுக்கொண்டாள். “போன சித்திர கடசில நான் ஒங்கிட்ட ஒண்ணு சொன்னேன், ஞாவகம் இருக்கா? முதுகு வலி நல்லாக் கொறைஞ்சிருக்குன்னு சொன்னேன்.”

இருந்தது. அதைக் கேட்டுத்தான் அன்றைக்குச் செல்வி, ஒருவேளை மருந்து கெட்டுப்போகவில்லையோ என்று பாதி ராத்திரிவரை நம்பிக்கொண்டு கிடந்தாள்.

“ஒண்ணும் கொறையல. அந்த மாசம் வலி உசுரு போச்சு. நீ மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டே திரிஞ்சியா, ஊசி குத்திக் குத்தி ஒனக்கு வெறுத்துப்போச்சோன்னு நினைச்சேன். கொறைஞ்சிருக்குன்னு சொன்னா நீ சந்தோசப்படுவேல்ல, அதான் சொன்னேன்.” குரலில் கோபம் மிச்சம் இருந்தது. யார் மேல் என்று அவளுக்கே நிச்சயமில்லாத கோபம். “நீயும் சொல்லல, நானும் சொல்லல. ரெண்டு பேரும் நல்லாத்தான் வைத்தியம் பாத்திருக்கோம்.”

செல்விக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்ததால் முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். முத்துமீனா காலை நீட்டி, பெருவிரலால் அவள் தொடையை ஒரு இடி இடித்தாள். சின்ன வயதில் சடை போடும்போது ஆடினால் அப்படித்தான் இடிப்பாள்.

“அழுவாத. நான் சொல்றதக் கேளு. பதினெட்டுங்கிறான் அவன். இருபத்துநாலுங்கிறாங்க டாக்டரம்மா. நீ வாயத் தெறக்காம மனசுக்குள்ள இருபத்துநாலுன்னு சொல்லிக்கிட்டு இருக்க, எனக்குத் தெரியாதா? இவ்வளவு பேரும் சொல்றீங்க, குத்துறது எவ வயித்துல? முப்பத்துநாலு வயசுல என்னத்த அறுத்து எடுக்குறாகன்னு தெரியாமலே படுத்துக் கெடந்தேன். அப்ப ஒரு வார்த்த கேட்டிருந்தா இப்ப இந்த ஊசியே இல்ல. இந்தத் தடவ நாந்தான் சொல்லுவேன்.”

“சொல்லுங்க மதினி.”

“இருபத்துநாலு. காலு இழுத்தா இழுத்துட்டுப் போகுது, ஆறு மாசந்தான. இதுக்கு மேல நான் குட்டையாகக் கூடாது.” நிறுத்தினாள். “ஆனா ஊசிய எங்கிட்டக் குடுத்துரு. இனிமே நானே போட்டுக்கிறேன்.”

செல்வி நிமிர்ந்து பார்த்தாள்.

“கோவத்துல சொல்லல. எங்க இருக்கேங்கிறத அந்த ஊசி சொல்லக் கூடாது. நீ போடுறேன்னு நான் இங்க இருக்கேனா, நர்ஸு போடுறான்னு அங்க போகணுமா? நானே போட்டுக்கிட்டா எனக்கு எங்க இருக்கத் தோணுதோ அங்க இருப்பேன்.”

செல்வி எழுந்து போய், எறியாமல் வைத்திருந்த ஒரு காலிப் பேனாவையும் ஓர் எலுமிச்சம்பழத்தையும் எடுத்து வந்தாள்.

எலுமிச்சம்பழத்தில் இரண்டு நாள் பழகினாள் முத்துமீனா. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, குமிழை இழுத்து, குத்தி, உரக்க ஐந்து எண்ணினாள். முதல் நாள் பழம் கையை விட்டு உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. குனியக் கூடாது என்பதால் செல்விதான் தவழ்ந்து எடுத்தாள். மூன்றாம் நாள் நிஜ ஊசி. மதினி தன் வயிற்றுத் தோலைத் தானே கிள்ளிப் பிடித்தாள். முனை நெருங்கியதும் அவள் நெற்றியில் வியர்வை அரும்பிவிட்டது. ஏதாவது பேச வேண்டும் என்று செல்விக்குத் தோன்றியது. எதிர்வீட்டைப் பற்றி, கறிவேப்பிலைச் செடியைப் பற்றி, எதையாவது. வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. மதினி இத்தனை நாளும் எவ்வளவு சுலபம் போல அதைச் செய்திருக்கிறாள் என்று மட்டும் நினைத்தாள். அதற்குள் முத்துமீனா ஐந்து எண்ணி முடித்து, பேனாவை மூடி, “ஒண்ணுமே இல்ல போ. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கு. நீ போடுறதவிட வலிக்கல” என்றாள்.

சூரியபிரகாஷிடம் அவளே பேசினாள். உறைந்த மருந்தைப் பற்றியும் அவளே சொன்னாள். செல்வி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் ஏதோ சத்தம் போட்டான். “சத்தம் போடாதடா. ஒங்கப்பன் எனக்கு ஒரு மாத்திர எடுத்துக் குடுத்ததில்ல. இவ ஐநூறு நாளு குத்தியிருக்கா” என்றாள் முத்துமீனா. பிறகு குரலைத் தணித்து, பத்து நாள் வந்து இருந்துவிட்டுப் போவதாகச் சொன்னாள். திவ்யா தயார் பண்ணிய அறையையும் பார்க்க வேண்டும் அல்லவா.

புதுப் பேனா வந்த வாரத்தில் ஒருநாள் காலை இருவரும் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். கோயம்புத்தூர் பஸ் பாதி காலியாகத்தான் நின்றது. குலுக்கல் கூடாது என்று செல்வி நடுவில் ஒரு ஜன்னல் சீட்டாகப் பார்த்து உட்கார வைத்தாள். முதுகுக்குத் தலையணை வைத்தாள். தடுப்பூசி கொண்டுபோகிற மாதிரியான சின்ன நீலப் பெட்டி ஒன்றை மருந்துக்கடையில் சொல்லி வாங்கியிருந்தாள். அதற்குள் ஐஸ் பொட்டலம், அதன்மேல் துணி, துணிக்கு மேலேதான் பேனா. ஐஸ் நேராகப் படக்கூடாது என்று மூன்று தடவை சொல்லிவிட்டாள். நாலாவது தடவை சொல்ல வாயெடுத்தபோது, “எறங்கு, எடுத்துருவான்” என்றாள் முத்துமீனா.

செல்வி இறங்கி ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள். கம்பியைப் பிடிக்கலாம் என்று கையைத் தூக்கினாள், எட்டவில்லை. பத்து நாள் என்றால் என்றைக்கு என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்தான். பஸ் பின்னுக்கு வந்து வளைந்து திரும்பியபோது, அதுவரை நிழலாக இருந்த அந்தப் பக்கம் முழுக்க வெயில் பாய்ந்தது. முத்துமீனா கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். ஆனால் திரைச்சீலையை இழுக்கவில்லை, முகத்தையும் மறைக்கவில்லை. மடியிலிருந்த நீலப் பெட்டியின் மேல் முந்தானையை எடுத்து இரண்டு மடிப்பாகப் போட்டு, வெயில் படாமல் இரண்டு கையாலும் மூடி அணைத்துக்கொண்டு, நேராக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.